சோளகத்துக்கு முன்னே ஏறு

புத்தளத்தில் மலை ஏறப் போகிறேன் என்றால் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "எந்த மலை?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சிலாபத்தைத் தாண்டி முந்தல், பாலாவி, புத்தளம், கற்பிட்டி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் படுவது தென்னந்தோப்பு, களப்பு, உப்பளம், மணல். அதற்கு அப்பால் அடிவானம். இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் மலையைப் பார்க்க வேண்டுமானால் பாடசாலைச் சுற்றுலாவில் நுவரெலியாவுக்கு பஸ் ஏற வேண்டும்.

மலையேறிகளில் ஒரு தனி ரகம் உண்டு. பெயர் பெற்ற பனிச் சிகரங்களை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, ஊரை விட்டு ஒதுங்கிய, மரம் பிடிக்காத, குடிக்கத் தண்ணீர் கிடைக்காத வறண்ட மலைகளைத் தேடிப் போகிறவர்கள் அவர்கள். லடாக்கின் லே நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஆண்டு முழுவதும் பெய்வது ஏறக்குறைய 100 மில்லிமீற்றர்தான். தென்னமெரிக்காவில் அட்டகாமாப் பாலையை ஒட்டி 6,000 மீற்றரைத் தாண்டிய எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. அங்கெல்லாம் போய் வந்தவர்கள் உயரத்தைப் பற்றிப் பேசுவதைவிடக் காற்றைப் பற்றியே அதிகம் பேசுவார்கள். கூடாரத்தைக் கிழித்த காற்று, முகத்தை மரக்கச் செய்த காற்று, உச்சி கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தும் திரும்பிப் போகச் சொன்ன காற்று.

ஒதுக்கம், வறட்சி, காற்று மூன்றும் புத்தளம் கரையில் உண்டு. உயரமும் குளிரும் குறைவு. குறைவு என்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. எப்போது புறப்படுவது, எப்போது கரையிலேயே இருப்பது, எப்போது பாதியில் திரும்புவது என்று இந்தக் கரையின் மக்கள் காற்றோடு போடும் கணக்கும் இமயத்தில் ஏறுகிறவன் போடும் கணக்கும் ஒன்றே. இரண்டு பேருக்கும் வேலை நடப்பது காற்றுக்கும் காற்றுக்கும் இடையில் கிடைக்கும் சின்ன இடைவெளியில்தான்.

இலங்கைத் தமிழில் திசைக்கொரு காற்று: சோளகம், வாடை, கொண்டல், கச்சான். கற்பிட்டியில் ஆண்டைப் பங்கு போட்டுக்கொள்வது முதல் இரண்டும். மே மாதத்தின் பிற்பாதியில் தென்மேற்கிலிருந்து சோளகம் எழும்பும்; செப்டெம்பர் வரை விடாது. டிசம்பரில் வடகிழக்கிலிருந்து வாடை பிடிக்கும். மாசி வரை இருக்கும். நடுவே சித்திரையிலும் ஐப்பசியிலும் கொஞ்ச நாள் ஓய்வு. "காத்து விழுந்திட்டுது" என்று யாராவது சொன்னால் படகு வைத்திருப்பவர் வீட்டில் அது நல்ல சேதி.

இங்கே காற்றுக்கு ஏன் இத்தனை வேகம்? ஒரு பக்கம் தென்னிந்தியாவின் மலைத்தொடர். மறுபக்கம் நமது மத்திய மலைநாடு. நடுவே திறந்து கிடக்கிறது மன்னார் வளைகுடா. மலை மறித்த காற்று இந்த வழியில் நெருக்கியடித்துக்கொண்டு புகும்போது வேகம் கூடிவிடுகிறது. அக்கரையில் ஆரல்வாய்மொழிக் கணவாயை அடுத்த முப்பந்தலில் காற்றாலைகள் காடாக நிற்பதற்கும் இதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் காரணம். அங்கே அதற்கு வாசல் கணவாய், இங்கே கடல்.

இதே காற்றுதான் இரத்தினபுரியிலும் சிவனொளிபாதமலையிலும் கொட்டித் தீர்க்கிறது. அங்கே மலை அதை மேலே தள்ளுகிறது. மேலே போன காற்று குளிர்ந்து மழையாகிறது. புத்தளத்தில் தள்ளிவிட ஒரு மேடும் இல்லை. ஈரத்தைச் சுமந்துகொண்டே கடந்து போய்விடுகிறது. மலை இல்லாத இடத்தில் மழையும் இல்லை. நாட்டின் மிக வறண்ட இரண்டு துண்டுகளில் ஒன்று புத்தளத்திலிருந்து மன்னார் வரையான இந்தக் கரை. மற்றது அம்பாந்தோட்டைப் பக்கம். இதைப் பாலைவனம் என்று சொல்லிவிட முடியாது. ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீற்றரை ஒட்டி மழை பெறும் ஊரை அப்படி அழைத்தால் ராஜஸ்தான்காரர் சண்டைக்கு வருவார். ஆனால் அந்த மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்து முடிந்துவிடும். ஆடி மாதத்து நடுப்பகலில் கண்டக்குழி மணலில் நிற்பவருக்கு மழைக் கணக்கு ஆறுதல் தராது.

காற்று கட்டிய மேடு

கற்பிட்டித் தீபகற்பமே அலையும் காற்றும் சேர்ந்து போட்ட மணல். மேற்குக் கரையில் கடலைப் பார்த்து நிற்கும் மணல்மேடுகள்தான் இங்கே கால்நடையாக ஏறக்கூடிய முதல் உயரம். சோளகம் அடிக்கும்போது ஏறிப் பார்க்க வேண்டும். ஏறுவதற்கு முன் ஒரு தடவை மேட்டின் மேல் கன்னத்தை வைத்துப் படுத்து, மணலை அதன் மட்டத்திலேயே பார்க்க வேண்டும். மணல் பறப்பதில்லை, குதிக்கிறது. ஒரு மணி எம்பி, காற்றோடு கொஞ்ச தூரம் போய், சரிந்து விழுந்து, விழுந்த வேகத்தில் இன்னும் இரண்டு மூன்று மணிகளைக் கிளப்பிவிடுகிறது. அவை போய் விழுந்து மேலும் சிலதைக் கிளப்புகின்றன. இந்தக் கூத்தெல்லாம் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான். அதனால்தான் காற்சட்டை போட்டவருக்குக் கெண்டைக்கால் எரியும், முகத்துக்கு ஒன்றும் ஆகாது. மேட்டின் நுனியை எட்டிய மணி அந்தப் பக்கம் விழுந்து ஒதுங்கிவிடும். இப்படி மணி மணியாக மேடு இடம் மாறுகிறது.

இதை முறையாக அளந்து எழுதியவர் ரல்ஃப் பாக்னோல்ட் என்ற பிரித்தானியப் படைப் பொறியியலாளர். லிபியப் பாலையில் மோட்டார் வண்டியில் அலைந்து திரிந்தவர். மணலின் இயற்பியல் பற்றிய அவருடைய நூல் 1941 இல் வந்தது. இன்றைக்கும் அத்துறையில் அதை விட்டுவிட்டு யாரும் பேசுவதில்லை. காய்ந்த மணல் நகரத் தொடங்குவது காற்று மணிக்கு 20 கிலோமீற்றர் அளவைத் தாண்டும்போது. அதற்கு மேல், காற்று சுமக்கும் மணலின் அளவு வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் மணல் எட்டு மடங்கு. ஒரு மாதம் முழுக்க வீசிய இளங்காற்று செய்யாததை இரண்டு நாள் சோளகம் செய்துவிடுவது இதனால்தான்.

ஏறுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. காற்றுக்கு முகம் காட்டும் பக்கம் சரிவு மெதுவானது. காற்று தட்டித் தட்டி மணலை இறுக்கி வைத்திருக்கும், கால் அதிகம் புதையாது. அந்தப் பக்கமாக, காற்றைப் பிடரியில் வாங்கிக்கொண்டு ஏறலாம். மறுபக்கம் செங்குத்து. காய்ந்த மணல் தாங்கி நிற்கும் கடைசிச் சரிவு ஏறக்குறைய 34 பாகை. அதில் ஏறப் போனால் வைத்த காலோடு மேடே கீழே வரும். நுனியில் நிமிர்ந்து நின்றால் காது அடைக்கும். இரண்டு எட்டு இறங்கி மறுபக்க மறைவில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் மெதுவாகப் பேசுவதும் கேட்கும். பெரிய மலையில் கூடாரம் அடிப்பவர்கள் தேடி அலைவது இந்த மறைவைத்தான்.

மேட்டைப் பிடித்து வைத்திருப்பவை இரண்டு: இராவணன் மீசைப் புல், அடம்பன் கொடி. ஒன்றின் நுனி ஊசி. வெறுங்காலோடு ஏறியவர் மறக்கமாட்டார். மற்றது ஊதாப் பூவோடு படர்ந்து போகும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம் ஊரில் ஒற்றுமைக்குச் சொல்லுவார்கள்; மணல்மேட்டின் விஷயத்தில் அது அப்படியே உண்மை. ஹோட்டல் கட்ட இடம் சமன்படுத்துகிறவர்கள் முதலில் அள்ளிப் போடுவது இந்தக் கொடியைத்தான். அடுத்த சோளகத்தில் மணல் வரவேற்பறைக்குள் வந்துவிட்டது என்று பிறகு குறைப்படுவதில் அர்த்தமில்லை. கொஞ்சம் உள்ளே மிளகாயும் வெங்காயமும் நடுகிற விவசாயி கிடுகு வேலியும் உயிர்வேலியும் போட்டுத்தான் பாத்தி கட்டுகிறார். எந்தப் பக்கம் வேலி கனமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் சோளகம் என்று புதிதாக வந்தவரும் கண்டுகொள்ளலாம்.

குதிரைமலை

பெயரிலேயே மலையை வைத்திருக்கும் ஓர் இடம் மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில், வில்பத்துக் காட்டின் கடல் முனையில் இருக்கிறது. புத்தளத்திலிருந்து எலுவன்குளம் வழியாகப் போகலாம். கலா ஓயாவின் சப்பாத்துப் பாலத்தைத் தண்ணீர் மூடிவிட்டால் அந்த வழி அன்றைக்கு இல்லை. 1938 இல் தேசியப் பூங்காவான வில்பத்து, 1,300 சதுர கிலோமீற்றரைத் தாண்டும் காடு. போர்க் காலத்தில் நெடுநாள் மூடிக் கிடந்தது. 2003 இல் திறந்தார்கள். 2006 மே மாதத்தில் கண்ணிவெடியில் எழுத்தாளர் நிஹால் டி சில்வா உட்படப் பலர் இறந்தார்கள், மறுபடி மூடினார்கள். 2010 இல்தான் பழையபடி ஆட்கள் போகத் தொடங்கினார்கள். மலை ஒதுக்கமாக இருக்க உயரம் வேண்டும் என்றில்லை, கண்ணிவெடி இருந்தாலும் போதும்.

காட்டுக்குள் ஜீப் போகப் போக மண்ணின் நிறம் மாறும். வெள்ளை மணல் பழுப்பாகி, பிறகு செம்பு நிறமாகி, கடைசியில் ரத்தச் சிவப்பாகும். மகாவம்சத்து விஜயன் வந்து இறங்கிய தம்பபண்ணி இதுதான் என்று வாதிடுகிறவர்களுக்கு இந்தச் சிவப்புத்தான் முதல் சாட்சி. என்னை அதைவிட அதிகம் ஈர்ப்பது அக்கரை. வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பகுதியில் இருக்கும் தேரிக்காட்டுச் செம்மணலும் இதே வகையைச் சேர்ந்ததுதான். அங்கே கிடைத்த சின்னஞ்சிறு கல் ஆயுதங்களைப் பற்றித் தொல்லியலாளர்கள் ஸொய்னரும் ஓல்ச்சினும் 1956 இல் எழுதினார்கள். இந்தக் கரையின் செம்மண்ணிலும் அத்தகைய கற்கள் கிடைத்திருக்கின்றன. தெற்கே கொஞ்ச தூரத்தில் பொம்பரிப்பில் முதுமக்கள் தாழிக் காடு இருக்கிறது. தமிழ்நாட்டு ஆதிச்சநல்லூரோடு அடிக்கடி ஒப்பிடப்படுவது. ஹோகார்ட் 1924 இல் தோண்டினார், விமலா பெக்லி 1970 இல் தோண்டினார். கடல் நடுவே இருந்தும் இரு கரையிலும் ஒரே மண், ஒரே காற்று, செத்தவரைப் புதைப்பதிலும் ஏறக்குறைய ஒரே முறை.

குதிரைமலை முனையில் வண்டியை விட்டு இறங்கலாம். சிவனொளிபாதமலையின் 2,243 மீற்றரை ஏறி இறங்கியவருக்கு இதை மலை என்று சொல்ல வாய் வராது. தரைப் பக்கமிருந்து நடந்து போகிறவருக்கு ஏறுகிறோம் என்பதே தெரியாது. நிலம் மெல்ல மெல்ல உயர்ந்து, திடீரென்று முடிந்துவிடும். விளிம்பில் நின்றால் கீழே சிவப்புச் சுவர், அதன் அடியில் கடல். படகில் வருகிறவனுக்குக் கதை வேறு. மட்டமான கரையைப் பார்த்தே நாள்கணக்கில் வந்தவன் கண்ணுக்கு இந்தச் சிவப்புத் திட்டு மலையாகத்தான் தெரியும்.

அப்படி ஒருவன் வந்ததாக உரோம எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். உரோமாபுரிக்காகச் செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் அன்னியஸ் புளோகமஸ். அவருடைய ஆள் ஒருவன், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவன், அரபுக் கரையைச் சுற்றிக் கப்பலில் போய்க்கொண்டிருந்தான். வடகாற்றில் மாட்டிக்கொண்டான். பதினைந்தாம் நாள் இலங்கையில் ஹிப்புரோஸ் என்ற துறையில் ஒதுங்கினான். அரசன் ஆறு மாதம் வைத்து உபசரித்தான். உரோமன் காசுகளில் வெவ்வேறு தலைகள் இருந்தும் எடை ஒன்றாகவே இருக்கக் கண்டு வியந்து, குளோடியஸ் பேரரசனிடம் தூது அனுப்பினான். அந்த ஹிப்புரோஸ் இந்தக் குதிரைமலைதான் என்று 1859 இல் நூல் எழுதிய எமர்சன் டெனன்ட் சொன்னார். கிரேக்கத்தில் ஹிப்போஸ் என்றால் குதிரை. உறுதியான சான்று என்று கேட்டால் அவ்வளவுதான். ஆனால் புளோகமஸ் கற்பனை ஆள் இல்லை. எகிப்தின் கிழக்குப் பாலையில், நைல் நதிக்கும் செங்கடல் துறைக்கும் இடையிலான வணிக வழியில், வாடி மெனிஹ் என்ற இடத்துப் பாறை ஒதுக்கில் அவருடைய ஆளான லைசாஸ் என்பவன் தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறான். ஆண்டு கி.பி. 6. வெயிலுக்கு ஒதுங்கிய இடத்தில் ஒரு பெயர், காற்றுக்கு ஒதுங்கிய துறையில் ஒரு கதை. கடலோடியும் லைசாஸும் ஒரே ஆளா என்பது வேறு விவகாரம்.

அல்லி அரசாணி இங்கிருந்து ஆண்டாள் என்பது மக்கள் கதை. பிரமாண்டமான குதிரைச் சிலை ஒன்று கடலைப் பார்த்து நின்றது என்பதும், செங்கல்லாலான அதன் கால்கள் எஞ்சியிருக்கின்றன என்பதும் அந்தக் கதையின் தொடர்ச்சி. புறநானூற்றில் வரும் குதிரைமலையும் இதுதான் என்று முதலியார் இராசநாயகம் 1926 இல் எழுதினார். தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் அதைக் கொங்கு நாட்டில் வைக்கிறார்கள். என் கட்சி கொங்குக்காரர் கட்சிதான். மலைக்கிழவன் ஒருவன் வேட்டையாடி வாழ இந்தச் செம்மண் திட்டில் இடம் போதாது. ஊர்ப்பற்று இருக்கலாம், அதற்காக மலையை இழுத்து வர வேண்டுமா?

முனையில் நிற்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சோளகத்தில் காற்று கடலிலிருந்து வருகிறது. விளிம்பில் நிற்பவரை அது உள்ளே, தரைப் பக்கம் தள்ளும். பயமுறுத்தும், ஆனால் கெடுதல் செய்யாது. வாடை அப்படியில்லை. முதுகுப் பக்கமிருந்து வந்து கடலை நோக்கித் தள்ளும். மண்ணும் உறுதியானதல்ல. கீழே அலை அரித்துக் குடைந்திருக்கும். மேலே நிற்பவருக்கு அது தெரியாது. காற்று வேகமாக வீசும் மாதம் எது என்று பார்த்துப் பயப்படுகிறவர்கள், எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்பதைப் பார்ப்பதில்லை. முகட்டு வழியில் நடக்கும் மலையேறிகள் முதலில் கேட்பது அதைத்தான்.

குளிர் எங்கே?

தைமாதத்து விடிகாலை. படகில் வலை இழுத்துக்கொண்டிருப்பவர்களின் உடம்பில் காய்ந்த துணி கிடையாது. வாடை அடிக்கிறது. வெப்பமானி என்னவோ 22, 23 பாகை என்று காட்டும். பனி விழும் நாட்டுக்காரர் அதைக் கேட்டால் சட்டையைக் கழற்றுவார். இங்கே பல் கிட்டுகிறது. ஈர உடம்பின் மேல் காற்று வீசினால் ஒவ்வொரு துளி நீரும் ஆவியாகும்போது உடம்புச் சூட்டைக் களவாடிக்கொண்டு போகும். தண்ணீரோ, காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். உடல் விறைத்துப் போக உறைபனி கட்டாயமில்லை. நனைந்த சட்டையும் நிற்காத காற்றும் போதும்.

காற்றும் குளிரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை முதலில் அளந்தவர்கள் போல் சைப்பிளும் சார்ள்ஸ் பஸலும். 1939 முதல் 1941 வரை அந்தாட்டிக்காவில் தங்கியிருந்த அமெரிக்கக் குழுவில் இருந்தவர்கள். சைப்பிள் சாரணச் சிறுவனாக 19 வயதில் முதன்முதல் அங்கே போனவர். பிளாஸ்டிக் உருளை ஒன்றில் தண்ணீர் ஊற்றிக் கூரைமேல் கம்பத்தில் கட்டிவிட்டு, வெவ்வேறு காற்றில் அது உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு எளிய சோதனை. 2001 இல் திருத்திய சூத்திரத்தின்படி, பூச்சியப் பாகைக் குளிரில் மணிக்கு 40 கிலோமீற்றர் காற்று அடித்தால் தோலுக்கு அது கழித்தல் 7 போல இருக்கும். இந்தக் கணக்கு 10 பாகைக்கு மேலே செல்லாது. அதனால் புத்தளம் மீனவரின் நடுக்கம் எந்த அட்டவணையிலும் இல்லை.

அட்டவணைக்கு உள்ளே வரும் மலைகளில் காற்றும் வறட்சியும் செய்யும் வேலையைப் பார்க்க யுயாயியாக்கோவுக்குப் போக வேண்டும். ஆர்ஜென்டீனாவும் சிலியும் பங்கு போட்டுக்கொள்ளும் 6,739 மீற்றர் எரிமலை. அதன் உச்சியில் 1999 இல் யோஹான் ரைன்ஹார்டும் குழுவினரும் மூன்று பிள்ளைகளின் உடல்களைக் கண்டெடுத்தார்கள். இன்கா மக்கள் பலி கொடுத்து ஐந்நூறு ஆண்டு ஆகியிருந்தது. தலைமுடிகூடக் கலையவில்லை. காய்ந்த குளிர் அப்படியே காப்பாற்றி வைத்திருந்தது. ஏறிப் போன அந்த மக்களிடம் இன்றைய மலையேறும் கருவிகள் இல்லை என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இனி இடைவெளிக் கணக்குக்கு வருவோம். எவரெஸ்ட் உச்சியைக் குளிர்காலம் முழுவதும் உயர்வளியின் பெருங்காற்று அறைந்துகொண்டே இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று எழும்பி வரும் வேளையில் அந்தப் பெருங்காற்று வடக்கே ஒதுங்குகிறது. ஒதுங்கியதற்கும் பருவமழைப் பனி கொட்டத் தொடங்குவதற்கும் நடுவே மே மாதத்தில் சில நாட்கள் அமைதி. ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்டில் ஏறிய முதல் இலங்கையரானது 2016 மே 21. கற்பிட்டியில் சோளகம் எழும்பும் நாட்களும் அவையே. இங்கே படகைக் கரையில் ஏற்றிவைக்கச் சொல்லும் அந்தப் பருவக்காற்றுதான் அங்கே உச்சிக்கு வழி விடுகிறது. அவரோடு போன யோஹான் பீரிஸ் 8,400 மீற்றரில் ஒட்சிசன் சிக்கலால் திரும்பினார். திரும்பியதால்தான் 2018 மே 22 அன்று உச்சியில் நிற்க முடிந்தது.

சிவனொளிபாதமலையின் யாத்திரைப் பருவமும் மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக்கோடு முடிகிறது; அதற்குப் பிறகு மலை சோளகத்தின் கையில். குதிரைமலைக்கு எதிரே கடலில் முத்துக்குளிப்பு நடந்ததும் மாசி, பங்குனி, சித்திரையில்தான். 1905 இல் மறிச்சுக்கட்டியில் நடந்தது மிகப் பெரியது. அடுத்த ஆண்டு அங்கே வேலை பார்த்த இளம் அதிகாரிகளில் லெனார்ட் வூல்ஃபும் ஒருவர். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் வந்த சலாபக்காரர்கள் இரவில் தரைக்காற்றில் பாய் விரித்துப் போவார்கள். வேலை முடித்து, பகலில் எழும்பும் கடற்காற்றில் திரும்புவார்கள். கல்லின் துணையோடு மூச்சை அடக்கிக் கீழே போகிறவனுக்கு ஆழம் பெரிய விஷயமில்லை. மேலே வந்து ஈர உடம்போடு படகின் ஓரத்தில் உட்காரும்போதுதான் காற்று அவனைப் பிடிக்கும்.

சம்மாட்டிமார் இன்றைக்கும் இந்த நாட்காட்டியைத்தான் வைத்திருக்கிறார்கள். சோளகத்தில் மேற்குக் கடல் கொந்தளிக்க, வலையையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கம் போய் வாடி போடுவார்கள். கிழக்கில் வாடைக்காற்று கரையை அறையும்போது இங்கே திரும்பி வருவார்கள். பத்தலங்குண்டு போன்ற தீவுகளில் இந்தப் பக்கத்து வாடிகளைப் பார்க்கலாம்.

புது மலைகள்

காற்று நேரடியாகக் கட்டாவிட்டாலும், காற்றால் எழும்பிய மேடுகள் இன்னும் இரண்டு உண்டு. பாலாவிப் பக்கம் உப்புக் குவியல்கள். வெயிலும் காற்றும் பாத்தியை வற்றவைத்தால்தான் உப்பு. மழை தவறான மாதத்தில் வந்தால் குவியல் எழும்பாது. 2025 இல் நாடு உப்புத் தட்டுப்பாட்டில் இந்தியாவிடம் வாங்கியது நினைவிருக்கும்.

மற்றது கறுப்பு. நுரைச்சோலை அனல்மின் நிலையம் 2011 இல் இயங்கத் தொடங்கியது; மூன்று பிரிவும் சேர்ந்து 900 மெகாவொற். நிலக்கரிக் கப்பல் கரைக்கு வர முடியாது. தூரத்தில் நங்கூரமிட, தட்டைப் படகுகளில் இறக்கிக் கொண்டுவர வேண்டும். சோளகத்தில் அது நடக்காது. ஆகவே செப்டெம்பர் முதல் ஏப்ரல் வரை இறக்கி, மிச்ச மாதங்களுக்கும் சேர்த்துக் குவித்து வைக்கிறார்கள். இந்தக் கரையில் ஆண்டுதோறும் எழும்பிக் கரையும் பெரிய மேடு அதுதான். எந்த மாதங்களில் படகு வர முடியாதோ அதே மாதங்களில் அதே காற்று குவியலின் தூளைக் கிளப்பிச் சுற்றியுள்ள கிராமங்களில் கொண்டுபோய்ப் போடுகிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம்கள் பலர் குடியேறிய பகுதி இது. கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்து உதறும்போது காற்றின் திசை அவர்களுக்குத் தெரிந்துவிடும். காற்றுத் தடுப்பு வேலியை எவ்வளவு உயர்த்துவது என்ற பேச்சு ஓய்ந்தபாடில்லை.

உண்மையில் உயரம் ஏறுகிறவர்கள் யார் என்று கேட்டால் மாம்புரிக்குப் போக வேண்டும். 2010 இல் அங்கே 10 மெகாவொற் காற்றாலைப் பண்ணை வந்தது. அதே ஆண்டு களப்பின் மறுகரையில் சேகுவந்தீவிலும் விடத்தமுனையிலும் வந்தன. இந்த அளவு காற்றாலைகளின் கோபுரங்கள் பொதுவாக 60 முதல் 80 மீற்றர் வரை உயரமானவை. குதிரைமலை அவற்றின் பக்கத்தில் வராது. மணலுக்குச் சொன்ன மும்மடிக் கணக்குத்தான் மின்சாரத்துக்கும்: காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருக்கும் ஆற்றல் எட்டு மடங்கு. அதனால் சோளகத்தில் ஒரு மணி நேரம் நிறுத்தினாலும் நட்டம். ஆண்டுப் பராமரிப்பைக் காற்று விழும் மாதங்களுக்குத் தள்ளுவது தொழில் வழக்கம். காற்றுப் பட்டச் சவாரிக்கு வந்த வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகு, சித்திரையில், ஏணி ஏறுகிறவர்களுக்கு வேலை தொடங்கும்.

கோபுரத்துக்கு உள்ளே செங்குத்தான ஏணி. காற்று படாது, வெக்கை. இடுப்பிலும் தோளிலும் வார் கட்டி, ஏணியோடு ஓடும் கம்பியில் கொளுவிக்கொண்டு ஏறுகிறார்கள். கால் தவறினால் கொளுக்கி இறுகிப் பிடித்துக்கொள்ளும். நடுவே தட்டுகள் உண்டு. மூச்சு வாங்கிக்கொண்டு மேலே போகலாம். உச்சியில் இயந்திர அறையின் மூடியைத் தள்ளித் தலையை வெளியே நீட்டினால் கீழே இலை அசையாத நாளிலும் மேலே காற்று இருக்கும். தரையில் மரமும் மேடும் காற்றை உரசித் தடுக்கும்; மேலே தடுக்க எதுவுமில்லை. வியர்வையில் ஊறிய சட்டையோடு வெளியே வருகிறவருக்கு அந்த வெயிலிலும் உடம்பு சிலிர்க்கும். குறித்த வேகத்துக்கு மேல் காற்று அடித்தால் வெளிவேலை கிடையாது. எந்த வேகம் என்பதை இயந்திரம் செய்தவர் எழுதிக் கொடுத்திருப்பார். தனியாக ஏறக் கூடாது. ஒருவருக்கு மயக்கம் வந்தால் மற்றவர் அவரை வாரில் கட்டிக் கயிற்றில் இறக்க வேண்டும். மேலேயிருந்து தரைக்கு வேறு வழி கிடையாது. தலைக்கவசத்தின் பட்டியைத் தாடையோடு இறுக்கிக் கட்டுவார்கள். ஸ்பானர், சுத்தியல் எல்லாவற்றுக்கும் தனித்தனியே கயிறு. கயிறு கட்டாத ஸ்பானர் ஒன்றுகூட மேலே போகாது.